பாதி மாறிய விலாசம்

"அந்த நீலப் பலகைக் கடைக்கு எதுக்குப் போனீங்க?"

"சரி, போயிட்டு வரேன்."

பேச்சு அவ்வளவுதான். கேட்டவள் அவள். பாத்திரம் கழுவிக்கொண்டே, குழாய் சலசலவென்று ஓடிக்கொண்டிருக்க, முகத்தைத் திருப்பாமலேயே கேட்டாள். திரும்பினால் அழுதுவிடுவோமோ என்று பயம். பதில் சொன்னவன் அவள் கணவன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஏதோ காய்கறி வாங்கக் கிளம்புகிறவனைப் போலச் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

எதற்குப் போனாய் என்று கேட்டால் சரி என்று சொல்கிற மனிதனை என்ன செய்வது? கோபப்பட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். பொய் சொல்லியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். இந்தச் ‘சரி’ இரண்டிலும் சேராமல் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அன்று சாயங்காலமே ஒரு பையில் துணிகளை அடைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"டாக்டரம்மா, நீங்க இந்த உலகத்துலதான் இருக்கீங்களா?"

இப்போது கடையில், எதிரே விரல் சொடுக்கும் சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்தாள். வாய்க்கு முன்னால் விரல் பேசும் பழக்கத்தால் அந்த ஆளுக்குச் சொடக்கு என்றே பெயர். ஒல்லியான உடம்பு, அதைவிட ஒல்லியான மீசை. அவனுக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்திருந்தவர் வக்கீலம்மா. கோர்ட்டில் வாதாடவே நேரம் சரியாக இருக்கிறது, உண்மையைத் தேட நேரமில்லை என்று கருப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். அவள்தான் இருவரையும் அழைத்திருந்தாள்.

அவளும் உண்மையில் டாக்டர் இல்லை. காது கேட்கும் கருவிகள் விற்கும் குடும்பக் கடையில், வருகிறவர்களின் காதைச் சோதிப்பவள். அண்ணன் காதுக்குள் பொருத்துகிற அச்சுகளைச் செய்பவன். அவன் மேசை முழுக்க மெழுகு நிறத்தில் குட்டிக் குட்டியாக வார்ப்புகள் பரவிக் கிடந்தன. கம்ப்யூட்டர், வெப்சைட், வருகிற போகிற மெயில் எல்லாம் அவள் கணவன் பொறுப்பு.

இதுவரை அவன் பொறுப்பு. இன்று கடை சாத்தும்போது அவனை வரவழைத்து, சாவியை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடப் போவதாக அண்ணன் சொல்லிவிட்டான். அதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வரவேண்டும். வெளியே போகிறவனோடு போவதா, வழியனுப்பி வைப்பதா?

"இதுல துப்பறிய என்ன இருக்கு மேடம்?" அண்ணன் ஒரு அச்சை அரத்தால் தேய்த்துக்கொண்டே சீறினான். "ஆறேழு மாசமா எங்க வெப்சைட்ல எழுதினவங்களுக்கு நாங்க பதிலே போடலையாம். அந்த பஸ் டிரைவர், தையல்காரர், அந்தச் சின்னப் பொண்ணோட அம்மா, எல்லாரும் இப்ப நமக்குப் போட்டியா கருவி விக்கற அந்த நீலப் பலகைக் கடையில வாடிக்கை. எழுதினது நமக்கு. போய்ச் சேர்ந்தது அங்கே. நடுவுல உட்கார்ந்திருக்கறது யாரு? மாப்பிள்ளை! அவர் அந்தக் கடைப் பின்வாசல்ல நுழையறதை நானே என் கண்ணால பார்த்தேன்."

"கொலைன்னா பிணம் கிடக்கும், கொள்ளைன்னா பூட்டு உடைஞ்சிருக்கும்," என்றான் சொடக்கு. "இங்க தொலைஞ்சதே கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம். வேலை செஞ்ச மாதிரியே இருக்காது போலிருக்கே, பாஸ்."

"நீ என்னைக்கு வேலை செஞ்ச மாதிரி இருந்திருக்கே?" என்று அவனை அடக்கிவிட்டு வக்கீலம்மா அவள் பக்கம் திரும்பினார். "ஒரு விஷயம் எனக்குப் புரியல. பதில் வரலைன்னா ஒரு போன் போட்டுச் சண்டை பிடிக்க மாட்டாங்களா? ஆறேழு மாசம் ஒருத்தர்கூடவா கேட்கல?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "போன்ல பேச முடிஞ்சா அவங்க எதுக்கு மேடம் எங்ககிட்ட வராங்க?"

சொடக்கின் விரல் தானாகச் சொடுக்கியது. "அட! வேற கடையா இருந்தா மூணாம் நாளே போன் அலறியிருக்கும். இங்க ஒரு மெயில் தொலைஞ்சா சத்தமே வராது!"

"அந்தச் சின்னப் பொண்ணோட அம்மாவுக்குக் காது நல்லாக் கேட்குமே?" என்றார் வக்கீலம்மா.

"கேட்கும். அவங்க நேரா வந்தே திட்டினாங்க. வெப்சைட்ல மூணு தடவை எழுதினாங்களாம், ஒண்ணுக்கும் பதில் இல்ல. கடைசியில கோபம் வந்து தன்னோட மெயில்லேர்ந்து காரசாரமா ஒண்ணு அனுப்பினாங்க. அதுக்கு உடனே பதில் போயிருக்கு. இவர்தான் போட்டிருக்கார். மன்னிச்சிடுங்க, உங்க மெயில் எதுவுமே எங்களுக்கு வரலைன்னு."

"கேட்டது வரல. திட்டினது வந்திருக்கு." வக்கீலம்மா கைப்பையைத் திறந்து மூடினார். அவருக்கு யோசனை ஓடுகிறது என்பதற்கு அது அடையாளம். "சொடக்கு, ரெண்டு மெயில் அனுப்பு. ஒண்ணு உன் போன்லேர்ந்து. இன்னொண்ணு இவங்க வெப்சைட்டுக்குள்ள போய்."

சொடக்கு தட்டினான். சற்று நேரத்தில் வாசல் மேசையிலிருந்த கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது. திரையில் வந்து நின்றது: ‘எனக்கு ஒரு காது வேண்டும். இருக்கிற இரண்டும் பாஸ் திட்டித் திட்டித் தேய்ந்துவிட்டன.’ அது போனிலிருந்து வந்தது. அதே வரிகளை வெப்சைட்டிலும் எழுதி அனுப்பினான். ‘உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி’ என்று வெப்சைட் மரியாதையாகச் சொன்னது. அவ்வளவுதான். டிங் வரவில்லை. காபி ஆறும்வரை காத்திருந்தார்கள். அப்போதும் வரவில்லை.

"பார்த்தீங்களா!" அண்ணன் அரத்தைப் போட்டுவிட்டு எழுந்தான். "வெப்சைட்டைப் பண்ணினது யாரு? அதே மாப்பிள்ளை! அதுல மட்டும் ஒரு சல்லடை வச்சிருக்கார். புது ஆள்னா அங்கே, பழைய ஆள்னா இங்கே!"

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். புது ஆட்கள்தான் வெப்சைட்டில் எழுதுவார்கள். அண்ணன் சொல்வது பொருந்தித்தான் போகிறது.

"அந்த வெப்சைட் எங்கே குடியிருக்கு?" என்று வக்கீலம்மா எழுந்தார்.

சர்வர் கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே நுழைந்ததும் ஏசி குளிரில் பல் தந்தியடித்தது. மேசையில் இருந்த தொழில்நுட்பக்காரர் ஸ்வெட்டரும் கழுத்துத் துணியுமாக உட்கார்ந்திருந்தார்.

"பாஸ், இவர் வீட்டுக்குப் போனா ஃப்ரிட்ஜுக்குள்ளதான் தூங்குவார் போல," என்று சொடக்கு கிசுகிசுத்தான்.

கணக்கு அவள் பெயரில்தான் இருந்தது. அடையாளத்தைக் காட்டியதும் ஸ்வெட்டர்காரர் திரையைத் திருப்பினார்.

"உங்க கடைப் பேருக்கு வர்ற மெயிலை எந்த சர்வர்ல கொண்டுபோய்க் கொடுக்கணும்னு ஊர் உலகத்துக்குச் சொல்ற பதிவு ஒண்ணு இருக்கு. எம்எக்ஸ் ரெக்கார்டுன்னு பேரு. முன்னாடி உங்க வெப்சைட், மெயில் ரெண்டுமே எங்ககிட்டதான் இருந்தது. உங்க வீட்டுக்காரர் மெயிலை மட்டும் தனி சர்வருக்குக் கொண்டுபோனார். பதிவை அழகா மாத்தியிருக்கார். ஒரு புள்ளிகூடத் தப்பில்ல."

"அப்ப வெளியிலேர்ந்து யார் அனுப்பினாலும் புது இடத்துக்குப் போகும்?"

"போகும். அனுப்பறவங்களோட சர்வர் முதல்ல அந்தப் பதிவைக் கேட்டுட்டுத்தான் கிளம்பும்."

"வெப்சைட்ல எழுதினா?"

"அதுவும்..." என்று ஆரம்பித்தவர் வேறொரு பக்கத்தைத் திறந்தார். பேச்சு நின்றது. கழுத்துத் துணியைத் தளர்த்திக்கொண்டார். திரையில் இரண்டே இரண்டு தேர்வுகள். ‘இந்தப் பெயருக்கான மெயிலை இங்கேயே வைத்துக்கொள்.’ ‘வெளி சர்வருக்கு அனுப்பு.’ முதலாவதன் மேல் குறி விழுந்திருந்தது.

"அடடா. வெப்சைட் எங்க சர்வர்லதானே இருக்கு? அதுல யாராவது எழுதினா, அனுப்பறதும் எங்க சர்வர்தான். அது வெளியே போய்ப் பதிவைக் கேட்கவே இல்ல. இந்தப் பேரா, இது நம்ம வீட்டுப் பேராச்சேன்னு தன்கிட்ட இருந்த பழைய பெட்டியிலேயே போட்டுக்கிச்சு."

சொடக்கு உற்சாகமாகிவிட்டான். "புரிஞ்சுபோச்சு! பையன் தனிக்குடித்தனம் போயாச்சு. ஊருக்கெல்லாம் புது விலாசம் சொல்லியாச்சு. பெத்த அம்மாகிட்ட மட்டும் சொல்லல. அந்தம்மா தினமும் தட்டு போட்டு, சோறு வச்சு, இதோ வந்துடுவான்னு உட்கார்ந்திருக்கு!"

ஸ்வெட்டர்காரர் பழைய பெட்டியைத் திறந்தார். வரிசை வரிசையாக மெயில்கள். எல்லாமே தடித்த எழுத்தில், பிரிக்கப்படாமல். மேலே முதல் ஆளாகச் சொடக்கின் ‘எனக்கு ஒரு காது வேண்டும்’ உட்கார்ந்திருந்தது. கீழே இறங்க இறங்க பஸ் டிரைவர், தையல்காரர், சின்னப் பெண்ணின் அம்மா. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தப் பெட்டிக்குள்ள யாராவது வந்திருக்காங்களா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"மெயிலை மாத்தின நாள்லேர்ந்து ஒரு ஈ காக்கா நுழையல."

"இதோட நகல் வேற யாருக்காவது போகுதா?"

"எங்கேயும் போகல, மேடம்."

"திருடின மூட்டையைப் பிரிச்சுக்கூடப் பார்க்காத திருடனை நான் இதுவரைக்கும் சந்திச்சதில்ல." வக்கீலம்மா அவள் தோளைத் தட்டினார். "பதில் கிடைக்காதவங்க அடுத்த தெருக் கடைக்குத் தானாப் போயிருக்காங்க. யாரும் அனுப்பி வைக்கல."

அப்பாடா என்று அவள் மூச்சு விடப் பார்த்தாள். அது பாதியிலேயே நின்றது. ஸ்வெட்டர்காரர் தன்மேல் பழி வந்துவிடுமோ என்று அவசரமாகப் பேச ஆரம்பித்திருந்தார்.

"நான் சொல்லாம இல்லைங்க. போன்ல ரெண்டு வேலையையும் சொன்னேன். முதல்ல பதிவை மாத்துங்க, அப்புறம் மறக்காம இந்தக் குறியை மாத்துங்க, அப்பதான் முழுசா முடியும்னேன். சரி சரின்னார். மாத்திட்டீங்களான்னு கேட்டேன். அதுக்கும் சரின்னார். தேங்க்ஸ் சொல்லி வச்சிட்டார்."

"எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டாரா?"

"ஆமா, அதைத்தான் முதல்ல கேட்டார். எல்லாத்தையும் மெயில்ல அனுப்பிடுங்கன்னார். பதிவு விவரத்தை அனுப்பியிருந்தேன். மிச்சம் ரெண்டு நிமிஷ வேலைதானே, இதுக்கெதுக்கு மெயில்னு நான்தான் வாயால சொன்னேன்."

அவளுக்குக் காது அடைத்தது. வாசல் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவன் அவள் கணவன். அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவன். அவனா மறந்திருப்பான்? சொல்லியும் செய்யவில்லை என்றால், வேண்டுமென்றே விட்டிருக்கிறான். கடை தானாகச் சரியட்டும், வாடிக்கை தானாக நீலப் பலகைக்குப் போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறான். திருடுவதைவிட இது மோசம் இல்லையா?

"முதல்ல அந்தக் குறியை மாத்துங்க," என்றார் வக்கீலம்மா. "பழைய பெட்டியில இருக்கறதையெல்லாம் புது இடத்துக்கு அனுப்பி வைங்க."

படியிறங்கும்போது அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "நான் அண்ணன் வீட்டிலேயே இருந்துக்கறேன், மேடம். போதும்."

"இன்னும் ஒரு கதவு பாக்கி இருக்கு. சொடக்கு, காலையில உன்னை நீலப் பலகைக் கடைக்கு அனுப்பினேனே, என்ன பார்த்தே?"

"அதை ஏன் கேட்கறீங்க பாஸ். எங்க மாமாவுக்குக் கருவி வேணும்னு சொல்லி நுழைஞ்சேன். உங்களுக்கா மாமாவுக்கான்னு நாலு தடவை கேட்டாங்க. பெருக்கற அம்மாகிட்ட நைசாப் பேச்சுக் கொடுத்தேன். கண்ணாடி போட்டவர் ஒருத்தர் பின்வாசல்ல வருவாராம். முதலாளியைப் பார்க்கறதில்ல. யார்கிட்டயும் ஒண்ணும் கொடுக்கறதில்ல, வாங்கறதில்ல. நேரா கடைசி அறைக்குப் போவாராம். வெளியே வரும்போது முகத்தைத் துடைச்சுக்கிட்டே போவாராம்."

"என்ன அறை?"

"ரகசியம் பேசறதுக்குன்னே கட்டின அறை பாஸ். பெட்டி மாதிரி. கதவு இவ்வளவு தடிமன். சுவரெல்லாம் மெத்தை. உள்ளே ஒரே ஒரு நாற்காலி, ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல். கதவுகிட்ட நின்னு நான் பலமா இருமிப் பார்த்தேன். உள்ளே துடைச்சுக்கிட்டிருந்த பொண்ணு திரும்பிக்கூடப் பார்க்கல."

வக்கீலம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தடிமன் கதவு. மெத்தைச் சுவர். ஒற்றை நாற்காலி. அப்படி ஓர் அறைக்கு வெளியேதானே அவளும் தினம் உட்கார்ந்திருக்கிறாள்! ஒருவரை உள்ளே உட்காரவைத்து, காதில் ஒலிகளை அனுப்பி, கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று சொல்லி, தூக்காத கைகளைக் குறித்துக்கொண்டு...

"அது ரகசிய அறை இல்ல," என்றாள். "காது சோதிக்கற அறை."

"எனக்குச் சந்தேகம்தான் இருந்தது," என்றார் வக்கீலம்மா. "எதுக்குன்னு கேட்டா சரின்னு பதில் சொல்றவன் கள்ளனா இருக்க முடியாது. கள்ளன் பதிலைத் தயாரா வச்சிருப்பான். அந்த மனுஷனுக்கு நீங்க பேசறீங்கன்னு தெரிஞ்சிருக்கு, என்ன பேசினீங்கன்னு தெரியல. குழாய் வேற ஓடியிருக்கு. சர்வர்காரர் சொன்னதுல முதல் வேலை மெயில்லயும் வந்தது, அதைத் துல்லியமாச் செஞ்சிருக்கார். ரெண்டாவது போன்ல மட்டும் சொன்னது, காத்துல போச்சு. திருப்பிச் சொல்லுங்கன்னு கேட்க வெட்கம். எல்லாத்துக்கும் ஒரு சரி."

தெருவில் நடக்கும்போது எப்போதும் அவளை இடது பக்கம் வரவழைத்துக்கொள்வான். வண்டி இடிக்காமல் பார்த்துக்கொள்கிறான் என்று அவள் தோழிகளிடம் பெருமை பேசியிருக்கிறாள். அவள் பேசும்போது உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். இத்தனை வருஷம் கழித்தும் இப்படியா என்று வெட்கப்பட்டிருக்கிறாள். ஊரில் உள்ள காதையெல்லாம் பார்க்கிறவள், பக்கத்துத் தலையணையில் இருந்த காதைப் பார்க்கவில்லை.

"நான் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்," என்று பரபரத்தாள்.

"மெயில் விஷயத்தைச் சொல்லுங்க. காது விஷயத்தை நீங்க சொல்லாதீங்க. அவர் இவ்வளவு நாள் சுமந்துகிட்டு நிக்கறதை நாம பிடுங்கக் கூடாது. இறக்கி வைக்க ஒரு இடம் மட்டும் காட்டுங்க."

அவர்கள் கடைக்குள் நுழைந்தபோது அண்ணன் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவள் கணவன் வாசல் மேசைக்கு முதுகைக் காட்டி, தன் மேசையிலிருந்த வயர்களைச் சுருட்டி ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"சாவி, மாப்பிள்ளை!"

அவன் வயரைச் சுருட்டினான்.

அப்போது வாசல் மேசைக் கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது. பழைய பெட்டியிலிருந்து மெயில்கள் வர ஆரம்பித்துவிட்டன. டிங். டிங். டிங். நிற்காமல் மணியடித்தது. சொடக்குகூடக் காதைப் பொத்திக்கொண்டான்.

"அந்தச் சனியனை நிறுத்துங்க மாப்பிள்ளை! பேச விடாம..."

அவன் திரும்பவில்லை. மணிச் சத்தம் அவ்வளவு கூர்மையாக, அவ்வளவு உச்ச சுருதியில் இருந்தது. காது மங்கும்போது அந்த வகை ஒலிதான் முதலில் கேட்காமல் போகும் என்று அவளுக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்தான். பிறகு கம்ப்யூட்டரை மறுபடி பார்த்தான். கை மெல்லக் கீழே இறங்கியது.

அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு போய்க் கணவனுக்கு நேர் எதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்றாள்.

"என்னங்க, எல்லா மெயிலும் கிடைச்சிடுச்சு. பழைய சர்வர்லேயே தங்கிப்போச்சு. யாரும் எடுக்கல."

அவன் அவள் உதட்டையே பார்த்தான். "நான் எதையும் யாருக்கும் கொடுக்கல."

"தெரியும்."

"எங்கே தப்பு விட்டேன்னுதான் தெரியல. அந்தாளு போன்ல ரெண்டாவதா ஏதோ சொன்னார்..." அவன் நிறுத்திக்கொண்டான். கண்ணாடியைக் கழற்றினான். மறுபடி மாட்டிக்கொண்டான். வயர் ஒன்றை எடுத்துச் சுருட்டப் பார்த்தான். அவள் அந்த வயரை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட ஏதாவது கேட்கணுமாங்க?"

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, மேசை மேலிருந்த அச்சு ஒன்றைக் கையில் எடுத்து வெறுமனே உருட்டிக்கொண்டிருந்தான். வக்கீலம்மா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். சொடக்கு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, வாயையும் விரலையும் ஒருசேர மூடிக்கொண்டு நின்றான்.

"காது கடை வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்துட்டு, எப்படிச் சொல்றதுன்னு..." அவன் வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தான். "அங்கே போனேன். ரெண்டு தடவை போனேன். உட்கார்ந்தேன். ஏதோ கோடு போட்டுக் காட்டினாங்க. யாரோ ஒரு பொண்ணு. என் பேரைக்கூடத் தப்பா எழுதியிருந்தது. வெளியே வந்து ரோட்ல நின்னு அழுதேன். நீ சொன்னாத்தான் அது எனக்குத் தாங்கும்னு தோணுச்சு. தினமும் கேட்டுடலாம்னு நினைப்பேன். தினமும் நீ களைச்சு வருவே. வாய் வராது."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவசரப்படுத்தவில்லை.

அவன் அவள் உதட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கண்ணைப் பார்த்தான்.

"என் காதை நீ பாரும்மா."